பறவைக்கு வைத்தியம் பார்த்தவர்கள்

சென்ற ஆண்டு மழைக்காலத்துக் காலைப்பொழுது ஒன்றில், நம் வீட்டு வேப்பமரத்தில் காக்கைகள் பெருங்கூட்டமாய்க் கூடிக் கரைந்தன. என்னவென்று பார்க்க ஓடிய பேத்தி, சாம்பல் நிற உடலும் மஞ்சள் கொண்டையும் உடைய சிறு பறவை ஒன்றைப் பாவாடை மடியில் ஏந்தி வந்தாள். ஆஸ்திரேலிய நாட்டுக் கிளியினமாகிய காக்கட்டீல் அது. யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்திருக்க வேண்டும். ஒரு சிறகின் பறக்கும் இறகுகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. மறு சிறகில் காக்கையின் அலகு பட்டுச் சதை கிழிந்திருந்தது. நம் ஊர்க் கால்நடை மருத்துவர் நேர்மையான மனிதர். “ஆடும் மாடும் எனக்குத் தெரியும், இதைத் தொட எனக்குத் துணிவில்லை” என்று ஒளிக்காமல் சொல்லி, நகரத்தில் பறவைகளுக்கென்றே வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் அனுப்பினார். பேருந்துக் கட்டணமும், பார்வைக் கட்டணமும், படம் எடுத்த செலவும், மருந்தும் சேர்ந்து, கடையில் அப்பறவை விற்கும் விலையைப் போல் நான்கு மடங்கு ஆயிற்று.

அன்றிரவு உணவு வேளையில் வீட்டில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. “அந்தக் காசுக்கு நாலு பறவை வாங்கியிருக்கலாமே” என்றார் நம் மைத்துனர். அவர் கருமி அல்லர், கணக்கில் தெளிவானவர். அதற்குப் பேத்தி, “நாலு வாங்கினால் இதோட காயம் ஆறிடுமா, நன்னா?” என்று நம்மிடம் கேட்டாள். இருவருக்கும் உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. பறவைக்கு வைத்தியம் பார்ப்பது என்னும் வழக்கம் எங்கே தோன்றியது, அதற்கான செலவை இதுவரை யார் சுமந்து வந்தார்கள் என்று ஏடுகளைப் புரட்டத் தொடங்கினோம். அப்படிப் புரட்டியதில் கண்டவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

கி.பி. 1623ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சீமான் ஒருவர் குஜராத்தின் காம்பே நகருக்கு வந்தார். பியத்ரோ தெல்லா வல்லே என்பது அவர் பெயர். பக்தாதில் மணந்த மனைவி ஸித்தி மஆனி பாரசீகத்தில் இறந்துவிட, அவருடைய உடலைப் பதம் செய்து பேழையில் வைத்து, ஊர் ஊராகத் தம்முடன் கொண்டு திரிந்த விசித்திரமான பயணி அவர். ரோமில் அவ்வுடலை அடக்கம் செய்ய அவருக்கு இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. இத்தகைய துயரத்தைச் சுமந்தவர் கண்ணுக்கு, மற்றப் பயணிகள் காணாத சில காட்சிகள் பட்டதில் வியப்பில்லை.

காம்பே நமக்கு அந்நியமான ஊர் அன்று. அரபு வணிகர்கள் கன்பாயா என அழைத்த துறைமுகம் அது. ஏடனுக்கும் ஹொர்முஸுக்கும் மலாக்காவுக்கும் அங்கிருந்து கப்பல்கள் சென்றன. ஜஹாங்கீர் பாதுஷாவின் ஆட்சியில் இருந்த அந்நகரில், ஜைன வணிகர்களும் ஏனைய வணிகர்களும் விலங்குகளுக்கென மருத்துவ விடுதிகளை நடத்தி வந்தனர். தெல்லா வல்லே முதலில் கண்டது பறவைகளின் விடுதியை. கட்டடம் சிறியது. பறவைகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஆனால் அறை நிறையக் கோழிகள், புறாக்கள், மயில்கள், வாத்துகள், சிறு குருவிகள். நொண்டியானவை, நோயுற்றவை, இணையை இழந்தவை என அனைத்தும் அங்கே பேணப்பட்டன. அவற்றைக் கவனிக்கும் ஆட்களுக்கும் ஊர் மக்களின் தருமத்திலிருந்தே ஊதியம். தாயும் தந்தையும் அற்ற சுண்டெலிக் குஞ்சுகளைப் பஞ்சுப் பெட்டியில் வைத்து, மூக்குக் கண்ணாடி அணிந்த வெண்தாடிக் கிழவர் ஒருவர் பறவையின் இறகால் பால் புகட்டிக்கொண்டிருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். மற்றொரு விடுதியில், ஆடுகள் முதலிய பிராணிகளுக்கிடையே, திருட்டுக் குற்றத்திற்காக இரு கைகளும் வெட்டப்பட்ட முஸ்லிம் ஒருவரும் வைத்துக் காப்பாற்றப்பட்டு வந்தார். சட்டம் தண்டித்துத் தெருவில் விட்ட மனிதரை, வேற்றுச் சமயத்தாரின் பிராணி விடுதி ஏற்றுக்கொண்டது. இந்த ஒரு வரிச் செய்தியை நாம் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தோம்.

நம் கேள்விக்கு உதவும் செய்தி வேறொன்று. குணமான பறவைகளை என்ன செய்தார்கள்? காட்டுப் பறவையாயின் வானில் பறக்கவிட்டார்கள். வீட்டுப் பறவையாயின் இரக்கமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்தார்கள், அவர் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வளவு தெளிவான விதி இருந்திருக்கிறது! இன்றைய பறவை மருத்துவர்கள் சொல்வதும் இதையே. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த காக்கட்டீலை இரக்கப்பட்டு நம் ஊர் வானத்தில் விட்டால், அது காக்கைக்கு இரையாகும். இல்லையேல் பட்டினியால் சாகும். நம் வீட்டுக்கு வந்த பறவையும், உரியவரைத் தேடி அண்டை வீடுகளில் விசாரித்தும் யாரும் வராமையால், நம்மிடமே தங்கிவிட்டது. கத்தரித்த இறகு அடுத்த உதிர்காலத்தில்தான் புதிதாய் முளைக்கும் என்றார் மருத்துவர்.

காம்பே விடுதி தருமத்தால் நடந்தது. அங்கிருந்த பறவைகளுக்குச் சந்தையில் பெரிய விலை ஏதுமில்லை. பறவை வைத்தியம் ஒரு முறையான கலையாக வளர்ந்ததோ முற்றிலும் வேறான இடத்தில், விலை மிகுந்த பறவைகள் வாழ்ந்த அரண்மனைகளில்.

அரபு மொழியில் வல்லூறு வளர்ப்புக் கலைக்குப் ‘பைஸரா’ என்று பெயர். உமையாக் கலீஃபாக்களாகிய ஹிஷாம், இரண்டாம் வலீத் ஆகியோரிடம் வேட்டை அதிகாரியாக இருந்த அல்கித்ரீஃப் இப்னு குதாமா அல்கஸ்ஸானியின் பெயரோடு இணைந்த நூலே இத்துறையில் நமக்குத் தெரிந்த அரபு நூல்களுள் மிகப் பழையது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் அனுபவம் அதில் அடங்கியிருக்கிறது. இத்தகைய நூல்கள் வேட்டையைப் பற்றி மட்டும் பேசவில்லை. பறவையின் எச்சம், கண், மூச்சு, பாதம், இறகு ஆகியவற்றைப் பார்த்து நோயறியும் முறைகளையும் மருந்துகளையும் விரிவாகப் பேசுகின்றன. இம்மரபு கடல் கடந்தது. சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக், தம் அவையில் இருந்த அந்தியோக்கியாவின் தியோடர் என்பவரைக் கொண்டு ‘மோஆமின்’ என்னும் பெயரால் வழங்கும் அரபு நூலை இலத்தீனில் பெயர்க்கச் செய்தார். 1240-41இல் ஃபயன்ஸா நகரை முற்றுகையிட்டிருந்த பாசறையிலேயே அம்மொழிபெயர்ப்பைத் திருத்தினார் என்பர். போர் ஒருபுறம் நடக்க, வல்லூற்றின் நோய்க்கான மருந்துப் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மன்னரை நினைத்துப் பார்க்கையில் சிரிப்பும் வருகிறது; மரியாதையும் தோன்றுகிறது. வல்லூற்றின் தலைக்கு இடும் தோல் மூடியை அரபிகளிடமிருந்து கற்றதாகத் தம் சொந்த நூலில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அக்காலத்து முறைகளுள் ஒன்று இன்றும் அப்படியே உயிரோடிருக்கிறது. பறக்கும் இறகு முறிந்தால், அதன் அடித்தண்டினுள் மெல்லிய ஆணி போன்ற துண்டைச் செருகி, முன்பு உதிர்ந்த இறகை அதில் பொருத்துவார்கள். அடுத்த உதிர்காலம் வரை அவ்விறகு பறவையைத் தாங்கும். 1999இல் திறக்கப்பட்ட அபூதாபி வல்லூறு மருத்துவமனையில் இதை இன்றும் செய்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் அதைச் சுற்றிப் பார்த்திருக்கவும் கூடும். பார்வையாளருக்கு அங்கே அனுமதி உண்டு. தலைமூடி அணிந்த வல்லூறுகள் வரிசையாக அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்கும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். ஐக்கிய அரபு அமீரகம் 2002 முதல் வல்லூறுகளுக்குக் கடவுச்சீட்டே வழங்கி வருகிறது! ஒரு வல்லூற்றின் விலை ஒரு மோட்டார் வண்டியின் விலையை எட்டும்போது, அதன் மருத்துவச் செலவைப் பற்றி யாரும் வாதிட மாட்டார்கள். நம் மைத்துனரின் கணக்கு அங்கே எழாது.

விலைக்காக மட்டுமே அவர்கள் பேணினார்கள் என்று சொல்வதும் நீதியாகாது. சிலுவைப் போர்க் காலத்தில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் தம் நினைவு நூலில், தம் தந்தையின் வல்லூறு ஒன்று பதின்மூன்று ஆண்டுகள் வீட்டில் வாழ்ந்து குடும்பத்தில் ஒருவரைப் போல் ஆகிவிட்டதை உருக்கத்தோடு எழுதுகிறார். எனினும் அது வேட்டைத் திறத்தால் மதிப்புப் பெற்ற பறவை. வேட்டைக்கும் உதவாத, விலையும் பெறாத, கிழடு தட்டிய பறவையின் நிலை என்ன?

இவ்விடத்தில்தான் சட்ட அறிஞர்களின் நூல்கள் நமக்கு வழிகாட்டின. வீட்டுப் பறவையைப் பற்றி நம் மார்க்க நூல்களில் பேச்சு எழும்போதெல்லாம், அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைரின் கதை வந்துவிடும். அச்சிறுவர் ஒரு குருவி வளர்த்தார். அது இறந்துவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் குருவியின் பெயரையும் அவர் பெயரையும் எதுகையாக இணைத்து விசாரித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்), இந்த ஒரு செய்தியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட விளக்கங்களை வருவித்து ஒரு தனிநூலே எழுதினார். குழந்தை பறவை வளர்க்கலாம் என்பதும் அவற்றுள் ஒன்று. ஆனால் இந்த அனுமதியின் பின்னே ஒரு கடமை நிற்கிறது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியை அறியாதார் நம்மில் இல்லை. அடைத்து வைப்பவர் உணவளிக்கக் கடமைப்பட்டவர். அளிக்க மறுப்பவரை, அளிக்குமாறோ விற்றுவிடுமாறோ நீதிபதி கட்டாயப்படுத்தலாம் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

இதைவிடத் தெளிவாகப் பேசியவர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). ஹிஜ்ரி 660இல், அதாவது 1262இல், கெய்ரோவில் மறைந்தவர். எகிப்தின் அதிகாரம் மிக்க அமீர்கள் சட்டப்படி இன்னும் அடிமைகளே என்று தீர்ப்பளித்து, அவர்களை விலைபேசி விடுதலை செய்வித்த அதே அறிஞர்தான். ஆளுவோருக்கு அஞ்சாத அந்தப் பேனா, வாயில்லாப் பிராணிகள் மனிதன் மீது கொண்டுள்ள உரிமைகளையும் ஒரு பட்டியலாக எழுதியது. அவற்றுள் முதன்மையானது, அவற்றிற்குத் தேவையான செலவைச் செய்தல்; முதுமையாலோ நோயாலோ அவை எவ்விதப் பயனும் தராத நிலையை அடைந்தாலும் அச்செலவை நிறுத்தலாகாது. தாங்க இயலாத சுமையை ஏற்றக்கூடாது, அவற்றின் குஞ்சுகளை அவை காண வதைக்கக்கூடாது என்றெல்லாம் அப்பட்டியல் நீள்கிறது. ‘கருணை காட்டுக’ என்று அவர் எழுதவில்லை. ‘உரிமை’ என்றே எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. கருணை தருபவரின் விருப்பம். உரிமையோ பெறுபவருடையது, கடன் போன்றது.

துருக்கியின் புர்ஸா நகரில் சிறகொடிந்த, காலொடிந்த நாரைகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. தெற்கே பறக்க இயலாமல் பின்தங்கிவிட்ட நாரைகள் அங்கே பேணப்பட்டன. ‘குரபாகானெயி லக்லகான்’ என்று அதற்குப் பெயர். ‘குரபா’ என்பது நாம் நன்கறிந்த ‘கரீப்’ என்னும் சொல்லின் பன்மை. ‘லக்லக்’ என்பது நாரை. ஆதரவற்ற நாரைகளின் மனை! இப்பெயரையே தலைப்பாக்கிக் கவிஞர் அஹ்மத் ஹாஷிம் 1928இல் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டார். நாரையை யாரும் உண்பதில்லை. வேட்டைக்கும் அது உதவாது. கூண்டில் வைத்துப் பாட்டுக் கேட்கவும் இயலாது.

இனி நம் நாட்டுத் தலைநகருக்கு வருவோம். மொகலாயர் பறவைப் பித்தர்கள். பாபரின் தந்தை உமர் ஷேக் மிர்ஸா 1494இல் உயிர் துறந்ததே, பள்ளத்தாக்கின் விளிம்பில் கட்டியிருந்த புறாக்கூடு அவரோடு சேர்ந்து சரிந்ததால்தான். அக்பரிடம் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றுள் ஐந்நூறு மட்டுமே அரச தரத்தவை என்றும் அபுல் ஃபஸல் எழுதி வைத்திருக்கிறார். அந்த மோகத்தின் எச்சமாக இன்றும் பழைய டில்லியின் மாடிகளில் மாலைதோறும் புறாக்கள் வட்டமிடுகின்றன.

செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சவுக்கின் முகப்பில், ஷாஜஹான் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஜைன லால் மந்திர் இருக்கிறது. அதன் வளாகத்தில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பறவைகளுக்கென்றே ஓர் இலவச மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்றைய கட்டடம் 1957இல் எழுந்தது. காம்பேயில் தெல்லா வல்லே கண்டதன் வழித்தோன்றல் அது. மின்விசிறியில் அடிபட்ட புறா, பூனை கவ்விய மைனா, கூண்டில் நோயுற்ற கிளி என ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுவரப்படுகின்றன. கொண்டுவருபவரின் சாதி, சமயம் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. குணமானவை மாடியிலிருந்து பறக்கவிடப்படுகின்றன.

ஒரு வரம்பு மட்டும் உண்டு. ஜைன அறத்தின் இடம் ஆதலால், மாமிசம் உண்ணும் பறவைகள் அங்கே உள்நோயாளிகளாகத் தங்குவதில்லை. புண்ணுக்கு மருந்திட்டு அனுப்பப்படும். இதைக் குறையாகச் சொல்ல நமக்கு மனமில்லை. கொல்லாமையை உயிராகக் கொண்டவர்கள் தம் கூடத்தில் இறைச்சி வெட்டுவது எங்ஙனம்? ஆயினும் ஒரு பருந்தின் சிறகு அறுபட்டால், ஒரு நாள் கட்டுப்போட்டு அனுப்பினால் போதாது. வாரக்கணக்கில் அதற்குக் கூண்டும் இறைச்சியும் வேண்டும். அவற்றை யார் தருவது?

டில்லியில் பருந்துகள் எண்ணிறந்தவை. நகரின் குப்பை மேடுகளும் இறைச்சிக் கடைகளும் அவற்றை வாழவைக்கின்றன. பழைய டில்லி முஸ்லிம்களிடையே மற்றொரு வழக்கமும் உண்டு: இறைச்சித் துண்டுகளை மேலே எறிந்து பருந்துகளுக்கு ஸதக்கா செய்தல். எறிந்த துண்டைப் பருந்து கவ்விச் செல்லும்போது, எறிந்தவரின் இன்னலும் உடன் போய்விடும் என்பது அவர்களின் நம்பிக்கை. நம் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு ஆதாரம் கேட்கக்கூடும். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா. மேலே பறக்கும் அப்பருந்துகளுக்குக் கீழிருந்து வரும் பகையே நம் பேச்சு. அதன் பெயர் மாஞ்சா. கண்ணாடித் தூள் பூசிய பட்டத்து நூல் அது. ஆகஸ்டு 15ஆம் நாளையொட்டி டில்லி வானம் பட்டங்களால் நிறையும்போது, அந்நூல் பறவைகளின் சிறகை அறுக்கிறது. பருத்தி நூல் போய் நைலான் நூல் வந்தபின் கொடுமை பெருகியது. அது அறுந்தாலும் மக்குவதில்லை, மரந்தோறும் தொங்கிக் காத்திருக்கிறது. டில்லி அரசு 2017 ஜனவரியில் அதைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுமைக்கும் தடை விதித்தது. தடை ஏட்டில் இருக்கிறது. நூல் கடையில் கிடைக்கிறது. சென்னைத் தெருக்களில் மனிதக் கழுத்தையே அந்நூல் அறுத்த செய்திகளை நாமும் படித்திருக்கிறோம்.

பழைய டில்லியில் வளர்ந்த சகோதரர் இருவர், நதீம் ஷஹ்ஸாதும் முஹம்மது ஸவூதும். சிறுவயதில், 1990களில், அடிபட்ட பருந்து ஒன்றைக் கண்டெடுத்துப் பறவை மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றார்கள். மாமிசம் உண்ணும் பறவை என்பதால் அதைச் சேர்த்துக்கொள்ள அங்கே வழியில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார்கள். அந்நினைவு அவர்களை விடவில்லை. 2003 முதல் அடிபட்ட பருந்துகளைத் தாமே வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவம் கற்றவர் அல்லர். இளமையில் உடற்பயிற்சியில் ஈடுபாடு கொண்டு, தசை எது, தசைநார் எது என்று அறிந்திருந்த அந்த அறிவே முதல் மூலதனம். பின்னர்க் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் பார்த்தும், கிழிந்த சிறகுத் தோலைத் தைக்கக் கற்றார்கள். வஸீராபாத்தில் அவர்கள் வீட்டு நிலவறையே மருத்துவமனை ஆயிற்று. திரவ சோப்பு ஊற்றும் கருவிகள் செய்யும் குடும்பத் தொழில் அதே இடத்தில் நடந்தது. ஒருபுறம் கருவிகளின் உதிரிப் பாகங்கள், மறுபுறம் அட்டைப் பெட்டிகளில் கட்டுப்போட்ட பருந்துகள்! தொழிலின் வருவாயிலிருந்து பருந்துகளின் இறைச்சிக்கும் மருந்துக்கும் பணம் போயிற்று.

பறவை வைத்தியத்தில் பணம் எங்கே போகிறது என்பதை இங்கே சற்று விளக்குவது நலம். பறவை நோயை மறைக்கும் பிராணி. சோர்வு வெளியே தெரிந்தால் பகைவர் தாக்குவர் என்பதால், கடைசி வரை நலமாய் இருப்பதுபோல் நிற்கும். நாம் கவனிக்கும்போது அது பெரும்பாலும் எல்லையைத் தொட்டிருக்கும். மார்பின் நடு எலும்பு கத்திபோல் கைக்குத் தட்டுப்பட்டால், பல நாள் உண்ணவில்லை என்று பொருள். அதன் உடலில் நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் இல்லை. மார்புக் கூடு அசைந்தால்தான் மூச்சு. பயந்து துடிக்கும் பறவையைக் குழந்தைகள் மார்பை இறுகப் பற்றினால், மூக்கு திறந்திருந்தும் அது மூச்சடைத்துச் சாகும். மயக்க மருந்தை அளந்து மூச்சின் வழியே செலுத்த வேண்டும். எலும்புகள் மெல்லியவை, பல காற்றறை உடையவை. அவற்றிற்குக் கம்பி பொருத்துவது நகைத் தொழில் போன்ற நுட்பம். அறுவை முடிந்தபின் வாரக்கணக்கில் வேளை தவறாத உணவு. கூண்டுக் கிளிகளுக்கு வரும் பாதி நோய், வெறும் தானியத்தையே ஆண்டுக்கணக்கில் கொடுத்து ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. கீரையும் காயும் கொடுத்திருந்தால் அச்செலவு எழாது. கிளிக் காய்ச்சல் என்னும் தொற்றோ மனிதருக்கும் பரவும். 1929-30இல் தென் அமெரிக்கக் கிளிகள் வழியே பல நாடுகளில் உயிர்ப்பலி வாங்கியது. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசு எழுப்பாமல், ஈரத்துணியால் துடைப்பது நல்லது என்று நம் மருத்துவரும் சொன்னார்.

மாட்டு மருந்து பறவைக்கு ஆகாது என்பதற்கு நம் நாடு கொடுத்த விலை மிகப் பெரிது. மாடுகளுக்கு வலி தீர்க்கக் கொடுத்த டைக்லோஃபெனாக் என்னும் மருந்து, அம்மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் ஓர் இனம் மறைந்த பின், 2004இல் காரணம் வெளியாயிற்று. 2006இல் மாடுகளுக்கு அதைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. நம் ஊர் மருத்துவர் “தொட எனக்குத் துணிவில்லை” என்றதை, இதைப் படித்த பின் நாம் இன்னும் மதித்தோம்.

வஸீராபாத் சகோதரர்கள் 2010இல் தம் பணியை ஓர் அமைப்பாகப் பதிவு செய்தார்கள். இதுவரை இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அவர்கள் கையில் வைத்தியம் பெற்றுள்ளன. அப்படியும் செலவுக் கணக்கு அவர்களை விட்டபாடில்லை. வெளிநாட்டு நன்கொடை பெற அரசின் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மீண்டும் விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள். அவர்களின் வாழ்வை ஷௌனக் சென் படமாக்கினார். ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ என்னும் அப்படம் 2022இல் சன்டான்ஸ் விழாவிலும் கான் விழாவிலும் பரிசு பெற்றது. 2023இல் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் இடம் பெற்றது. 2020இன் தொடக்கத்தில் வடகிழக்கு டில்லி பற்றியெரிந்த நாட்களின் அச்சம் அப்படத்தில் பதிந்திருக்கிறது. வெளியே அத்தகைய செய்திகள். உள்ளே கைவிளக்கின் ஒளியில் ஒரு பருந்தின் சிறகைத் தைக்கும் விரல்கள். உலகமே பாராட்டிய அப்படத்தில் நம் மனத்தில் நின்றது பரிசு பெற்ற காட்சிகள் அல்ல. இறைச்சி அரைக்கும் பழைய இயந்திரம் பழுதாகி நிற்பதும், அதைச் சரிசெய்யச் சகோதரர்கள் படும் பாடும்தான்.

நம் மைத்துனருக்கு இவற்றையெல்லாம் ஒரு மாலை சொன்னோம். இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்களின் பட்டியலைக் கேட்டு, “அது வாங்கி அடைத்தவர் மீதுள்ள கடன்; நாம் வாங்கவில்லையே” என்றார். வாதம் சரியானதே. “ஆனால் இப்போது கூண்டு நம் வீட்டில் இருக்கிறதே” என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. மறுநாள் கடைத்தெருவிலிருந்து வரும்போது ஒரு கட்டு முளைக்கீரை வாங்கி வந்து, பேத்தியின் கையில் கொடுத்தார்.

வஸீராபாத் வீட்டு மாடியில் மேற்பகுதி ஓரளவு திறந்த பெரிய கூண்டு ஒன்று இருக்கிறது. குணமான பருந்து தனக்குத் தெம்பு வந்த நாளில், யாரும் தூக்கிவிடாமல் தானே எழுந்து பறந்து போகும். அறுந்த தசைநார் கூடாமல் போனவை அங்கேயே இருக்கின்றன. அவை இனி ஒருநாளும் பறக்கப்போவதில்லை. அவற்றிற்கும் சேர்த்தே நாள்தோறும் இறைச்சி அரைக்கப்படுகிறது.